திருப்புளியின் இரண்டு பெடல்கள்

கண்ணாடிக் கடையில் அவனுக்கு ஒரே வேலை. இருட்டறை நாற்காலியில் உட்காரவைத்த ஆளின் மூக்கில் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டுவான். ஒரு லென்ஸைப் போடுவான், எடுப்பான், இன்னொன்றைப் போடுவான். "ஒண்ணா, ரெண்டா? எது தெளிவா இருக்கு?" என்று கேட்பான். நாலைந்து தடவை கேட்டதும் வந்தவர்களுக்குச் சலித்துவிடும். வித்தியாசம் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் மனசு வராது. என்னவோ பரீட்சையில் மார்க் குறைந்துவிடும் என்பதுபோல ஒரு பயம். "ரெண்டாவதுதான்" என்று சொல்லிவிடுவார்கள். இதற்கெல்லாம் அவன் ஏமாற மாட்டான். சத்தமில்லாமல் வரிசையை மாற்றிப் போட்டு மறுபடி கேட்பான். அப்போதும் "ரெண்டாவது" என்றே வந்தால், அது கண் சொன்ன பதில் இல்லை, நாற்காலியில் நோகும் இடுப்பு சொன்ன பதில் என்று தெரிந்துகொள்வான்.

தொழிலில் அவ்வளவு கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை மட்டும் சாயங்காலம் கடையோடு சேர்த்துப் பூட்டிவிட்டு வந்துவிடுவான். வீட்டில் அவனுக்கு ஒரு எலெக்ட்ரிக் கிடார் இருந்தது.

கிடாரோடு ஒரு பாட்டுக்குழுவும் இருந்தது. மனைவியின் அண்ணன் நடத்திய குழு. மச்சானுக்குப் பிழைப்பு டைல்ஸ் கடை, பாடுவது ஆசைக்கு. கண்ணாடிக் கடைக்காரன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னத் திருப்புளி இருக்கும் என்பதால் குழுவில் எல்லோரும் அவனைத் 'திருப்புளி' என்றே கூப்பிட்டார்கள். போன நிகழ்ச்சியில் பாட்டு தொடங்க வேண்டிய நேரத்தில் அவன் மேடையில் குப்புறப் படுத்து ஏதோ ஒரு டப்பாவின் அடித்தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். சபை காத்திருந்தது. மச்சான் மைக்கில் டைல்ஸ் விலை சொல்லிச் சமாளித்தார்.

மறுநாள் மச்சான் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, சிமென்ட் வியாபாரிகள் சங்கத்து விழாவுல உங்களுக்கு ஒரு சோலோ இருக்கு. அதை ஒழுங்கா வாசிச்சீங்கன்னா எப்பவும் நீங்கதான். இல்லேன்னா பல் டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்காரு. என்னைத் தப்பா நினைக்காதீங்க."

"டாக்டரா? அவரு கிடார்ல ஒயரைக் குத்தி நேரா ஆம்ப்ல மாட்டி வாசிக்கிற ஆளு மச்சான். நடுவுல ஒண்ணுமே கிடையாது."

"அதனாலதான் நேரத்துக்கு ஆரம்பிக்கிறாரு" என்றார் மச்சான்.

திருப்புளிக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்தக் குழுவை விட்டால் அவனை மேடையில் ஏற்ற நாதி கிடையாது. பகல் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறவனை, நாலு பேர் நிமிர்ந்து பார்க்கிற இடம் அது ஒன்றுதான். அதுவும் போய்விடும்போல இருந்தது. ஆகவே, புத்தியுள்ள எவனும் செய்வதைச் செய்யாமல், அதாவது தனியாக வாசிக்க வேண்டிய அந்தச் சோலோவைப் பழகாமல், பெடல்களைச் சரிசெய்ய உட்கார்ந்தான்.

பெடல் என்றால் காலால் மிதிக்கும் டப்பா. கிடாரிலிருந்து கிளம்பும் ஒயர் நேராக ஆம்ப்ளிஃபையருக்குப் போகாமல் வழியில் இதற்குள் நுழைந்து வெளியே வரும். திருப்புளியிடம் இரண்டு இருந்தன. ஒன்று வாவா பெடல்: மிதியை முன்னால் அமுக்கினால் கிடார் வாயைத் திறந்து "வா" என்று அழைக்கும், குதிகாலை இறக்கினால் வாயை மூடிக்கொண்டு முனகும். இன்னொன்று வால்யூம் பெடல்: அமுக்கினால் சத்தம் ஏறும், இறக்கினால் அடங்கும், குதிகால் தரையைத் தொட்டால் சுத்தமாக நின்றுவிடும். இரண்டும் பார்ப்பதற்குத் தையல் மிஷின் மிதியின் குட்டிகள்போல இருக்கும். இரண்டும் வாங்கிய அன்றே நன்றாகத்தான் வேலை செய்தன. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

வாவா பெடலுக்குள் சுண்டுவிரல் நகம் அளவில் 'காயில்' என்ற ஒரு கம்பிச்சுருள் உண்டு. அதை மாற்றினால் குரல் மாறும் என்று போனில் ஒரு குழுவில் சொன்னார்கள். குழுவின் பெயர் மிதிமன்றம். உலகத்தில் எந்தெந்த மூலையிலோ இருக்கிற பெடல் பைத்தியங்கள் அங்கே கூடிச் சண்டை போட்டன. மஞ்சள் காயில் தேன், சிவப்புக் காயில் வெறும் சர்க்கரைத் தண்ணி என்பது அங்கே காயில் சித்தர் என்ற பெயரில் எழுதும் ஒருவரின் தீர்ப்பு. வால்யூம் பெடலை வாவாவுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்ற கேள்வியில் மன்றமே இரண்டாகப் பிளந்து கிடந்தது. நகமும் சதையுமாக இருந்த இரண்டு பேர் இதில் முகம் பார்க்காமல் போனார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தை இடித்துக் கட்டுவதற்கே ஒரு மன்றம் வைத்திருந்தார்கள்.

திருப்புளி மஞ்சள் காயில் போட்டான். கன்டென்சரை மாற்றினான். மிதி ஏறி இறங்கும்போது சுழலும் பல்சக்கரத்தை இரண்டு பல் தள்ளி மாட்டினான். அது பிடிக்காமல் ஒரு பல் திரும்ப வந்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சாட்சி வேண்டுமே, அதற்குத்தான் மனைவி இருந்தாள்.

அவளுக்கு உத்தியோகம் காது டாக்டர் கிளினிக்கில். சத்தம் புகாத சின்ன அறையில் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, "பீப் சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவாள். சில பேர் அவள் சத்தமே கொடுக்காதபோதும் பட்டனை அமுக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களை அவள் திட்டுவதில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் கொடுக்காமல் சும்மா இருந்து பார்ப்பாள், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட காது வீட்டிலேயே கிடைத்தது பூர்வஜென்ம புண்ணியம் என்று திருப்புளி நம்பினான். அவள் அடுப்படியில் நிற்கும்போது ஆம்ப்ளிஃபையரை அடுப்படி வாசல் பக்கம் திருப்பி வைப்பான். ஒரு காயிலோடு வாசிப்பான், கழற்றி இன்னொன்றை மாட்டி வாசிப்பான்.

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டாவதுதாங்க."

"நல்லாக் கேட்டியா?"

"கேட்டேன். ரெண்டாவதுதான்."

அவன் அதை அப்படியே மன்றத்தில் எழுதுவான்: காது பரிசோதிக்கும் நிபுணர் கேட்டுச் சொன்னது. மன்றம் வாயடைத்துப்போகும். மூன்று வருஷமாக அவன் பெடல்களில் இருந்த ஒவ்வொரு திருகும் அவளுடைய "ரெண்டாவது" என்ற சொல்லின்மேல்தான் நின்றது. கடையில் வருகிறவர்களிடமெல்லாம் வரிசையை மாற்றிப் போட்டுக் கேட்கிறவன், பெண்டாட்டியிடம் ஒரு தடவைகூட மாற்றிக் கேட்கவில்லை.

விழாவுக்குச் சில நாள் முன்னால் வால்யூம் பெடலின் கயிறு பிசிறடித்தது. அந்தப் பெடலுக்குள் பல்சக்கரம் கிடையாது. மிதியிலிருந்து ஒரு மெல்லிய கயிறு போய் வால்யூம் குமிழின் தண்டைச் சுற்றிக்கொண்டு இழுக்கும். கடையில் புதுக் கயிறு கிடைக்கும். ஆனால் கடைக் கயிறு போடுகிறவனுக்கு மிதிமன்றத்தில் என்ன மரியாதை? நல்ல கயிறாக என்ன போடலாம் என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒத்திகைக்கு வேடிக்கை பார்க்க வந்த பல் டாக்டரே வாயைத் திறந்தார்.

"பல் இடுக்குல விடுற நூல் போடுங்களேன். மெழுகு பூசினது. என் கிளினிக்ல பெட்டி பெட்டியா இருக்கு. அறவே அறாது."

இடத்துக்குப் போட்டி போடுகிறவர் கொடுக்கிற நூலை வாங்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் டாக்டர் சூதுவாது தெரியாத மனுஷர், நிஜமாகவே உதவத்தான் சொன்னார். திருப்புளி வாங்கிக்கொண்டான். நூல் புதினா வாசனை அடித்தது. மாட்டிப் பார்த்தான், வெண்ணெயாக வழுக்கியது. மனைவியைக் கூப்பிட்டுப் பழைய கயிற்றையும் புது நூலையும் போட்டுக் காட்டினான். ரெண்டாவதுதான் நன்றாக இருந்தது.

விழா ஒரு ஹோட்டலின் மாடி மண்டபத்தில். வட்ட மேசைகள், வெள்ளை விரிப்பு, முன் வரிசையில் சிமென்ட் வியாபாரிகள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது மேசையில் அவன் மனைவி, பக்கத்தில் பல் டாக்டர். மச்சான் இரண்டு பாட்டைத் தொண்டை கிழியப் பாடி முடித்து, மூன்றாவது பாட்டின் நடுவில் திருப்புளியைப் பார்த்துக் கையைக் காட்டினார். சோலோ.

திட்டம் இது: குதிகாலை இறக்கிச் சத்தத்தை அடக்கி வைத்துக்கொண்டு கம்பியைத் தட்ட வேண்டும், பிறகு மெல்ல மிதியை அமுக்கினால் சுரம் எங்கிருந்தோ மிதந்து வரும். இடது காலால் வால்யூம், வலது காலால் வாவா. அவன் குதிகாலை இறக்கினான், கம்பியைத் தட்டினான், அமுக்கினான்.

சுரம் மிதந்து வரவில்லை. மேடையில் லேசாகப் புதினா வாசனை மட்டும் வந்தது.

கீழே பார்த்தான். வால்யூம் மிதி, ஆடும் பல்லைப்போல எந்தப் பிடிப்பும் இல்லாமல் தொளதொளவென்று போய்வந்தது. மெழுகு நூல் தண்டிலிருந்து வழுக்கிக் கழன்றிருந்தது. குமிழ் பூஜ்யத்தில் நின்றது.  குனிந்து கழற்ற ஆரம்பித்தால் மச்சான் அடுத்த நிமிஷமே டாக்டரை மேடைக்குக் கூப்பிட்டுவிடுவார். ஆகவே நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். வாசித்தான். டிரம்ஸும் பேஸ் கிடாரும் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, அவன் விரல்கள் கம்பிகளில் மேலும் கீழும் பறந்தன, வலது கால் வாவாவை ஆட்டு ஆட்டென்று ஆட்டியது, வாய் தானாகத் திறந்து திறந்து மூடியது. கிடாரிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வெளியே வரவில்லை.

கடைசியில் ஒரு கம்பியை உச்சத்துக்கு இழுத்துப் பிடித்து, முகத்தைச் சுளித்து, தலையைப் பின்னால் சாய்த்து நின்றான். மண்டபம் கைதட்டியது. முன் வரிசையில் ஒரு வியாபாரி எழுந்தே நின்றுவிட்டார்.

திருப்புளி மூன்றாவது மேசையைப் பார்த்தான். டாக்டர் கை வலிக்கத் தட்டிக்கொண்டிருந்தார். மனைவி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கொடுக்காதபோது பட்டனை அமுக்குகிறவர்களைச் சன்னல் வழியாகப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

மேடைக்குப் பின்னால் மச்சான் அவனைக் கட்டிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, என்ன ஒரு சவுண்டு. உருகிட்டேன் போங்க. இனிமே எல்லாப் பாட்டுலயும் உங்களுக்கு ஒரு சோலோ."

டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அந்த மென்மை இருக்கு பாருங்க, கேட்டும் கேட்காத மாதிரி. நான் இத்தனை நாளா ஒயரைக் குத்தி முரட்டுத்தனமா வாசிச்சுட்டு இருந்திருக்கேன். எனக்கும் இந்த ரெண்டு பெடலை வாங்கிக் குடுங்க."

திருப்புளி உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். பிறகு அவனுக்குக் குழுவில் தன் இடம் ஞாபகம் வந்தது. "நூல் உங்களுதுதானே டாக்டர்" என்றான்.

யாரோ போனில் எடுத்த வீடியோ மறுநாள் மிதிமன்றத்துக்குப் போயிற்று. அதில் கிடார் சத்தமே இல்லையே என்று ஒரு புது ஆள் அப்பாவியாகக் கேட்டுவிட்டான். போன் மைக்குக்கு அந்த நுணுக்கமெல்லாம் அகப்படாது என்று அவனை உட்காரவைத்தார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று எழுதிய காயில் சித்தர், மஞ்சள் காயிலின் தேன் தனக்குத் தெளிவாகவே கேட்கிறது என்று முடித்தார்.

அதெல்லாம் மறுநாள் கதை. விழா முடிந்து இரண்டு பேரும் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். திருப்புளிதான் ஆரம்பித்தான்.

"எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னாங்க."

"ஒண்ணுமே கேக்கலையேங்க."

"நூல் கழண்டுடுச்சு."

"பாவம். எனக்கு உங்களைப் பாக்கவே கஷ்டமா இருந்துச்சு" என்றாள். நிஜமாகவே அவள் குரல் இறங்கியிருந்தது.

"ஆனா நூல் நல்லா இருக்குன்னு நீதானே சொன்னே. ரெண்டாவதுன்னு."

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கார் ஒரு சிக்னலில் நின்றது. கடையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் வருகிற சந்தேகம் அப்போதுதான், மூன்று வருஷம் தாமதமாக, அவனுக்கு வந்தது.

"மஞ்சள் காயில்?"

"எது, அந்தச் சின்ன உருண்டையா? எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு."

"பின்னே ஏன் எப்பப் பாரு ரெண்டாவதுன்னே?"

"முதலாவதுன்னு சொன்னா மறுபடியும் ஒரு தடவை போட்டுக் காட்டுவீங்க. ரெண்டாவதுன்னு சொன்னா முடிஞ்சுடும். அடுப்புல பால் இருக்கும்ல."

திருப்புளிக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட அவமானம் பெரிதாக வந்தது. ஊரை ஏமாற்றியது அவனை உறுத்தவில்லை. அவனுக்கென்று இருந்த ஒரே காது அவனைக் கேட்கவே இல்லை என்பதுதான் உறுத்தியது. அடுத்த இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. கடையில் ஒரு பெரியவர் "ரெண்டாவதுதான் தம்பி" என்றபோது, "அவசரப்படாதீங்க சார்" என்று தேவைக்கு மேல் கடுமையாகச் சொன்னான்.

விடுமுறை நாள் காலையில் அவளே வந்தாள். அவன் மேசையில் வால்யூம் பெடலைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தாள்.

"அன்னிக்கு மேடையில என்னதான் வாசிச்சீங்க?"

"எதுக்கு?"

"விரல் எல்லாம் நல்லாப் போச்சு. கேக்கணும்போல இருந்துச்சு. யாருமே கேக்கலையே, நானாவது கேக்கறேன்."

"இரு, கயிறு மாட்டிடறேன்."

"அது வேணாம். அப்படியே வாசிங்க. அடுப்புல ஒண்ணும் இல்ல, அணைச்சுட்டுத்தான் வந்தேன்."

வேறு வழியில்லை. ஒரே ஒயரைக் கிடாரில் குத்தி, மறுமுனையை நேராக ஆம்ப்ளிஃபையரில் மாட்டினான், டாக்டரைப்போல. கால் இரண்டும் வேலையில்லாமல் தரையில் கிடந்தன. வாசித்தான். இரண்டு இடத்தில் விரல் தடுக்கியது. ஒரு சுரம் பிசகி, பிசகினது பளிச்சென்று கேட்டது. மறைப்பதற்கு வாவாவும் இல்லை, வால்யூமும் இல்லை. 

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் விறுவிறுவென்று பெடலுக்குக் கடைக் கயிற்றை மாட்டி, இரண்டு பெடலையும் நடுவில் சேர்த்து, அதே சோலோவை மறுபடி வாசித்தான். சுரங்கள் மிதந்தன, வாவா வாயைத் திறந்து மூடியது, தடுக்கின இடமெல்லாம் மூடிமறைந்து போயிற்று.

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு" என்றாள்.

மூன்று வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. ஆனால் அவன் கண்ணாடிக் கடைக்காரன். ஒரு தடவை சொன்னதை வைத்து யாருக்கும் பவர் எழுத மாட்டான்.

"கண்ணை மூடிக்கோ. இன்னொரு தடவை."

அவள் மூடிக்கொண்டாள். இந்தத் தடவை பெடல்களோடு முதலில் வாசித்தான். பிறகு ஒயரை உருவி, நேராக மாட்டி, மறுபடி வாசித்தான். அதே இரண்டு இடத்தில் விரல் தடுக்கியது. அதே சுரம் பிசகியது. முடித்ததும் கேட்பதற்குப் பயமாக இருந்தது.

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டாவது" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "தடுக்குதுல்ல, அதுதான் நல்லா இருக்கு. நீங்க வாசிக்கிறது தெரியுது."

அவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

அடுத்த நிகழ்ச்சிக்கு அவன் ஒரு கிடாரும் ஒரு ஒயருமாகப் போனான். பாட்டு நேரத்துக்குத் தொடங்கியது. சோலோவில் ஒரே ஒரு இடத்தில்தான் தடுக்கியது, கடைசி மேசைவரை ஒவ்வொரு சுரமும் கேட்டது. சபை சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே தட்டியது. முன் மேசையில் புது வாவாவையும் புது வால்யூம் பெடலையும் மடியில் வைத்துக்கொண்டு டாக்டர் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் மச்சான் திருப்புளியை ஓரமாகக் கூட்டிப்போனார். ரொம்ப நேரம் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பேசினார்.

காரில் ஏறியதும் மனைவி கேட்டாள்.

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"நல்லாத்தான் இருந்துச்சாம். ஆனா போன தடவை மாதிரி இல்லையாம். அந்த சவுண்டு வரலையாம். அடுத்த தடவை சோலோவை டாக்டர்கிட்ட குடுத்துப் பாக்கலாம்ங்கறாரு."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் வண்டியைக் கிளப்பினான். முகத்தில் எதிர்பார்த்த அளவு வருத்தம் இல்லை. கொஞ்ச தூரம் போனபிறகு அவள் சீட் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"அண்ணனை ஒரு நாள் கிளினிக்குக்குக் கூட்டிட்டு வாங்க. காதைப் பாத்துடலாம்."